நிற்பவர்கள் கணக்கில் இல்லை

நாற்காலிக்காரர் என்றுதான் அந்த வட்டாரத்தில் அவரை எல்லோரும் சொன்னார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் அவருடைய தெருவிலேயே நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். நாற்காலிக்காரர் வீடு எது என்று கேளுங்கள், பால் பாக்கெட் போடுகிறவன் வண்டியை நிறுத்தி வழி சொல்லிவிட்டுப் போவான்.

விசேஷங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுவது அவர் தொழில். பிறந்தநாளோ, நிச்சயதார்த்தமோ, கல்யாணமோ, துக்கமோ, நாலு பேர் கூடினால் உட்கார இடம் வேண்டும். சிரிக்கிறவனுக்கும் அழுகிறவனுக்கும் ஒரே நாற்காலிதான் போடுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கூரையை முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மூலையில் மட்டும் பழைய இரும்பு மடக்கு நாற்காலிகள் கொஞ்சம் சாத்தி வைத்திருப்பார். அவைதான் தொழில் தொடங்கியபோது இருந்த முதல் நாற்காலிகள். அவருடைய அக்கா வாங்கிக் கொடுத்தவை.

இத்தனை நாற்காலி வைத்திருக்கிற மனிதர் விசேஷ வீட்டில் ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். வாடகைக்கு விட்டவன் உட்கார்ந்தால் வாடகைக்கு எடுத்தவன் நிற்க வேண்டியதாகிவிடும் என்பது அவர் கட்சி. வாளி இல்லாத இடத்தில் சுவரில் சாய்ந்துகொள்வார்.

தொழிலில் அவருக்கு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. யாராவது வந்து நூறு பேரை அழைத்திருக்கிறோம், நூறு நாற்காலி வேண்டும் என்பார்கள். "உங்க வீட்டு ஆளுங்க எத்தனை பேர்?" என்று கேட்பார். பத்துப் பேர் என்பார்கள். "அப்ப தொண்ணூறு போதும். விசேஷ வீட்டுக்காரங்க என்னைக்கு உட்கார்ந்திருக்காங்க? வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடவே நேரம் சரியா இருக்கும்." வந்தவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இந்தக் காலத்தில் கூடுதலாகத் தலையில் கட்டாமல் குறைத்துக் கொடுக்கிற ஆள் எங்கே கிடைப்பான்? கணக்கும் ஒருநாள்கூடப் பொய்த்ததில்லை. வீட்டுக்காரர்கள் உட்காரமாட்டார்கள், அழைத்தவர்கள் நிற்பார்கள், வந்தவர்கள் உட்காருவார்கள். இது அவர் மண்டையில் ஆணி அடித்தாற்போல் பதிந்துபோனது. அந்த ஆணிதான் பிற்பாடு அவரைக் குத்தியது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. தம்பிக்குத் தலை துவட்டிவிட்டதிலிருந்து பெண் பார்த்துக் கட்டிவைத்தது வரை அக்காதான். தனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்தில் கைக்குழந்தையோடு தனியாளாக நின்றாள். ஒரு பெரிய விடுதியின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட வேண்டும். காலையில் மேஜை முன்னால் நின்றால் சாயங்காலம்தான் நகருவாள். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருக்கும். கால் வலிக்கிறதா என்று யாராவது கேட்டால், "வலிக்காத நேரம் எதுன்னு கேளு, யோசிச்சுச் சொல்றேன்" என்பாள்.

அவள் குடியிருந்த வீடு இரும்புப் பட்டறைக்குப் பக்கத்து வீடு. சுவரும் சுவரும் ஒட்டியிருக்கும். பட்டறையில் பகல் முழுக்க இரும்பைக் கடைந்துகொண்டே இருப்பார்கள். அவள் வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் தெருப்பக்கக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் பேச வேண்டும். சாத்திவிட்டால் பரவாயில்லை, நல்ல கனமான பழைய கதவுகள். வாடகை குறைவு என்றுதான் அந்த வீட்டுக்கு வந்தாள். பையன் அங்கேயே படித்து ஆளாகி, வெளியூரில் ஒரு நல்ல வேலையிலும் சேர்ந்துவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் காய்ச்சல் பரவியது. தொட்டால் ஒட்டும், மூச்சு பட்டால் ஒட்டும் என்றார்கள். முதலில் தெருவில் கூடும் கொண்டாட்டங்களையெல்லாம் நிறுத்தினார்கள். அப்புறம் மண்டபங்களுக்குப் பூட்டு. கடைசியில் வீட்டுக்குள் நடக்கிற விருந்துகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. எந்த விசேஷமானாலும் இருபது பேர்தான், அதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், எங்கள் வட்டாரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு விசேஷம்தான் என்று உத்தரவு.

சனங்கள் சும்மா இருப்பார்களா? ஒரு வீட்டில் குழந்தையின் பிறந்தநாள் கேக்கை மூன்று தவணையாக வெட்டினார்கள். ஒவ்வொரு தவணைக்கும் இருபது பேர், குழந்தை மூன்றாம் தடவை மெழுகுவர்த்தியைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டது. இன்னொரு வீட்டில் அதிகாரி வருகிறார் என்றதும் மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் நாலு பேர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சுகாதார அதிகாரி வீடு வீடாகப் போய் விரலை நீட்டித் தலைகளை எண்ணுவார். அதனால் அவருக்குத் தலையெண்ணி என்று பெயர் வந்துவிட்டது. பாவம், கெட்ட மனிதர் இல்லை. எண்ணி எண்ணிச் சலித்துப்போனவர்.

சலிப்பில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. நேராக நாற்காலிக்காரரின் கொட்டகைக்கு வந்தார். "தலை ஓடுதுங்க. நாற்காலி ஓடாது" என்றார். இருபது நாற்காலிகளில் நீலப் பெயிண்ட் அடித்து அலுவலக முத்திரை வைப்பது, விசேஷ வீட்டுக்கு அந்த இருபது மட்டும்தான் போவது, மற்றதெல்லாம் கொட்டகைக்குள் பூட்டு. பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்காது என்பதால் மூலையில் கிடந்த இரும்பு நாற்காலிகளைத் தூசி தட்டி வெளியே எடுத்தார்கள். அக்கா வாங்கிக் கொடுத்த நாற்காலிகளின் முதுகில் நீலப் பட்டை ஏறியது. நாற்காலிக்காரரின் கழுத்தில் ஒரு அடையாள அட்டை ஏறியது. அதை மாட்டிக்கொண்டால் எந்த விசேஷ வீட்டுக்குள்ளும் அவர் இருக்கலாம், இருபதில் சேர்த்தி இல்லை.

அதுவரை அவரை யாரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. 'ஏப்பா, அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு போடு' என்று விரலை ஆட்டுவதோடு சரி. இப்போது பெரிய பெரிய ஆட்களெல்லாம் வாசலில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஒரே ஒரு நாற்காலி அண்ணே, என் மாமனாருக்கு அண்ணே. நம் ஆளுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. "சட்டம் சட்டம்தாங்க. எனக்கு என் சொந்த அக்கான்னாலும் இருபதுதான்" என்பார். வாய்க்கு வந்தபடி சொன்னதுதான். அக்கா வீட்டில் அப்போது விசேஷமே இல்லை.

வந்தது. பையன் தன்னோடு வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். பெண் வீட்டுக்கும் சம்மதம். காய்ச்சல் எப்போது அடங்கும் என்று யாருக்கும் தெரியாததால் தள்ளிப்போடவில்லை. அக்கா வீட்டு ஹாலிலேயே கல்யாணம் என்று முடிவாயிற்று. மணமக்கள் கையை அக்காதான் சேர்த்து வைக்க வேண்டும் என்று பையன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று வந்த ஒரே விசேஷம் அது. தன் கல்யாணத்தைப் பற்றி அவள் பேசினதே கிடையாது.

அந்த வாரம்தான் கட்டுப்பாட்டில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்கள். இருபது பேரை உட்கார வைத்துவிட்டு நாற்பது பேரைச் சுவரோரம் நிறுத்திப் 'பரிமாற வந்தவர்கள்' என்று பூசி மெழுகியிருக்கிறார்கள் யாரோ. அதனால், நிற்பவர்கள் கணக்கில் இல்லை, கணக்கில் இல்லாதவர்கள் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்று அறிவிப்பு. தலையெண்ணியே வந்து கொட்டகைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். நாற்காலிக்காரர் அதைப் படித்தார். டீக்கடையில் நாலு பேருக்கு விளக்கமும் சொன்னார். ஆனால் நிற்பவர்கள் என்றதும் அவர் மனதுக்கு வந்தது யாரோ ஊரார்தான். விசேஷ வீட்டுக்காரர்களும் நிற்பவர்கள்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. வீட்டுக்காரர்கள் எங்கே ஒரு இடத்தில் நின்றார்கள்? அவர்கள் வீட்டோடு சேர்ந்தவர்கள், கதவு ஜன்னல் மாதிரி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அக்கா வீட்டில் உட்கார்ந்து பங்கு போட்டார்கள். மணமக்களுக்கு இரண்டு. பெண்ணின் அப்பா அம்மா, பெரியம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று அந்தப் பக்கத்துக்குப் பத்து. அவர்கள் வெளியூரிலிருந்து வருகிற விருந்தாளிகள், அவர்களுக்குக் குறைக்க முடியாது. மிச்சத்தில் அக்காவோடு வேலை பார்க்கிறவர்கள், பையனின் சிநேகிதர்கள். நாற்காலிக்காரரின் மனைவி, "எனக்கு வேணாங்க, நான் வீட்லயே இருந்து சமைச்சு அனுப்பிடறேன்" என்று தன் பங்கை விட்டுக் கொடுத்தாள். அந்த ஒரு நாற்காலி மிஞ்சியது.

"அதை எனக்கு வச்சுக்கலாமாடா?" என்றாள் அக்கா. "ரொம்ப நேரம் நிக்க முடியல இப்பல்லாம்."

அவர் சிரித்துவிட்டார். "கல்யாண வீட்டுக்காரி என்னைக்குக்கா உட்கார்ந்திருக்கா? நீ வாங்க வாங்கன்னு சொல்றதுக்கே நேரம் சரியா இருக்கும். மண்டபத்து முதலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கேன். நாளைக்கு மண்டபமெல்லாம் தெறந்தா அவர் தயவு வேணும்ல."

"அதுவும் சரிதான்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலையில் எல்லாம் நன்றாகவே ஆரம்பித்தது. அக்கா நீலப் புடவை கட்டியிருந்தாள். நாற்காலிகளின் நீலப் பட்டைக்குப் பொருத்தமாகக் கட்டினேன் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். பட்டறைக்காரனிடம் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அவசர வேலை, ஆள் காத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டான். அதனால் ஜன்னல்களைச் சாத்தினார்கள். மண்டபத்து முதலாளி மஞ்சள் சட்டையில் வந்து முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மணமக்கள் எழுந்து நிற்கப்போகும் நேரத்தில் தலையெண்ணி உள்ளே வந்தார்.

அவர் நாற்காலிகளை எண்ணினார். "எல்லாம் சரியா இருக்கு" என்று பேனாவை மூடப் போனவரின் கை அப்படியே நின்றது. "இந்தம்மா யாரு?"

"மாப்பிள்ளையோட அம்மா சார்" என்றார் நாற்காலிக்காரர்.

"இவங்க நாற்காலி எது?"

நாற்காலிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. தான் டீக்கடையில் விளக்கம் சொன்ன அந்த வரி அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அதிகாரி சுற்றிலும் பார்த்தார். அவர் கண் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கத்துத் தலைகள் குனிந்தன.

பையன் எழுந்துவிட்டான். "அம்மா என் இடத்துல உட்காரட்டும் சார். நான் நிக்கிறேன்."

"மாப்பிள்ளை வெளிய போயிட்டா கல்யாணம் யாருக்குத் தம்பி?" என்றார் அதிகாரி. கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். ஆனால் பெண் வீட்டுப் பக்கம் ஓரிருவர் சிரித்துவிட்டார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மகனின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

மண்டபத்து முதலாளி காலைக் கீழே இறக்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எழுந்திருக்கலாமா என்று யோசிக்கிறவர் மாதிரி முன்னால் சாய்ந்தார். நாற்காலிக்காரரின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முதலாளி, கொஞ்சம் எழுந்து வெளியே நில்லுங்க, என் அக்கா உட்காரணும். இவ்வளவுதான் வார்த்தை. வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். திறக்கவில்லை. அதற்குள் அக்காவே முந்திக்கொண்டாள். "நீங்க உட்காருங்க. கூப்பிட்டுட்டு எழுப்பி விடறதா? நல்லா இருக்காது."

முதலாளி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா" என்றார் தலையெண்ணி, தரையைப் பார்த்துக்கொண்டு. "போன வாரம் ஒருத்தர விட்டுட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"உங்களை நான் ஒண்ணும் சொல்லலையே. நான் வாசல்ல இருக்கேன்." போகிற வழியில் பெண்ணின் பெரியம்மாவிடம் குனிந்து, கையை நீங்கள் சேர்த்து வையுங்கள் என்று சொன்னாள். வாசற்படியில் நின்று திரும்பினாள். "கதவைச் சாத்திக்கோங்க. பட்டறைச் சத்தம் உள்ள வரும்." சொன்னதோடு நிற்காமல் தானே கதவை இழுத்துச் சாத்திவிட்டும் போனாள்.

நாற்காலிக்காரர் கழுத்தில் அட்டை இருந்தது. அதனால் உள்ளேயே நின்றார். ஓடிப் போய் அக்கா பக்கத்தில் நின்றிருக்கலாம். நாற்காலிக்கு நான்தானே பொறுப்பு என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். கல்யாணம் நடந்தது. பெரியம்மா கையைச் சேர்த்து வைத்தாள். அந்த நேரத்தில் பையன் பெண்ணைப் பார்க்கவில்லை. சாத்திய கதவைப் பார்த்தான். கண் கலங்கி, உதடு கோணி, சின்ன வயதில் கீழே விழுந்துவிட்டு அம்மா வருகிறாளா என்று பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். நாற்காலிக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மணமக்கள் அன்றே ஊருக்குக் கிளம்ப வேண்டும், பயண அனுமதி அன்றைக்குத்தான். வாசலில் காரில் ஏறும்போது அக்கா ஜன்னல் வழியாகக் கையை விட்டு மகன் கன்னத்தையும் மருமகள் கன்னத்தையும் தடவினாள். கார் போய்விட்டது. மண்டபத்து முதலாளி, "நல்லபடியா நடந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பியும் அக்காவும் காலி நாற்காலிகளும் மிஞ்சினார்கள்.

"அக்கா" என்று பக்கத்தில் போய் நின்றார்.

"ஏண்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிற? எனக்கு எல்லாம் கேட்டுச்சுடா. ஜன்னலோரமாத்தான் நின்னேன். நீங்க கை தட்டினது, அவங்க பேசினது எல்லாம். கண்ணால பாத்தா என்ன, காதால பாத்தா என்ன?" நாற்காலியில் உட்கார்ந்து புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "இருந்தாலும் நீ சொல்லு. முதல்ல இருந்து சொல்லு."

அவர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டே சொன்னார். சாயங்காலத்துக்குள் கொட்டகையில் ஒப்படைக்க வேண்டும், அந்த அவசரம் வேறு. யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள், முதலாளியின் மஞ்சள் சட்டை, பெண்ணின் தம்பி பூவைத் தவறவிட்டது எல்லாம் சொன்னார். "கையைச் சேக்கும்போது இவன் எந்தப் பக்கம் நின்னான்? அவ அழுதாளா?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பையன் கதவைப் பார்த்ததை மட்டும் அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த கேள்வி என்ன வருமென்று அவருக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "அக்காவுக்கு எல்லாம் கேட்டுதாம்" என்றார். அவள் தட்டை எடுத்து வைத்தாள். அன்று முதல் அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் பிடித்துக்கொண்டு நாளைத் தள்ளினார். கேட்டதாமே. காதால் பார்த்தாளாமே. நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கும் நேரமெல்லாம் அதைச் சொல்லிக்கொள்வார். கொஞ்சம் மூச்சு வரும்.

அக்கா மாறவில்லை. முன்போலவே லீவு நாளில் தம்பி வீட்டுக்கு வருவாள். அவர் பதறிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டால், "சார் வர்றாரா பாரு, எண்ணிடப் போறாரு" என்று கண்ணடித்துவிட்டு உட்காருவாள். அவள் தமாஷாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அட்டையை அவர் கழுத்தில் மாட்டுவதையே விட்டுவிட்டார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தேவைப்பட்டால் எடுத்துக் காட்டுவார். ஒரு நாற்காலிக்குக் கெஞ்சி வந்தவர்களிடம் சட்டம் பேசுவதையும் விட்டார். விசேஷ வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்று முதலில் கேட்டு, அவர்களை முதலில் எண்ணினார். அதற்குப் பிறகு மற்ற வீட்டு அம்மாக்களெல்லாம் உட்கார்ந்துதான் பிள்ளைகள் கல்யாணத்தைப் பார்த்தார்கள்.

கட்டுப்பாடு தளரும், பிள்ளைகள் வந்துபோவார்கள், அப்போது ஊரையே கூட்டி ஒரு விருந்து வைத்து அக்காவை நடுவில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் இருக்கிற அத்தனை நாற்காலியையும் தெருவில் போட வேண்டும். மண்டபத்து முதலாளிக்குச் சொல்லக்கூடாது. இதையெல்லாம் மனைவியிடம் திட்டம் போட்டுப் பேசுவார். அக்காவிடம் சொல்லவில்லை, அதிசயமாக இருக்கட்டும் என்று வைத்திருந்தார்.

அக்கா காத்திருக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் வேலையிலிருந்து பாதியில் வந்து, மார்பை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, ஒன்றுமில்லை. நின்று நின்று ஓய்ந்த உடம்பு. அவருக்குச் செய்தி வந்தபோது இன்னொரு வீட்டு விசேஷத்திலிருந்து நாற்காலிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அப்படியே வண்டியை அக்கா வீட்டுக்கு விட்டார்.

துக்கத்துக்கும் இருபதுதான். மகனும் மருமகளும் அடித்துப் பிடித்து மறுநாள் காலையில் வந்து சேர்ந்தார்கள். நாற்காலிக்காரர் ஹாலில் நீலப் பட்டை நாற்காலிகளை ஒவ்வொன்றாக விரித்தார். முதல் நாற்காலியை அக்காவின் தலைமாட்டில் போட்டார். அப்புறம் மகனுக்கு, மருமகளுக்கு, சலவைப் பிரிவில் கூட நின்றவர்களுக்கு, தன் மனைவிக்கு. தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. தலைமாட்டு நாற்காலியில் உட்காரப் போன ஒருவரைக் கையைப் பிடித்து வேறு இடத்துக்குக் கூட்டிப்போனார்.

தலையெண்ணி வந்தார். முன்னைவிட இளைத்திருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது போல. எண்ண நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். அப்புறம் நாற்காலிக்காரர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "ஒண்ணு காலியாத்தானே இருக்கு. உட்காருங்க. நின்னீங்கன்னா நான் எழுதணும்."

"காலி இல்ல சார். அது எங்க அக்காவோடது."

இறந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்பதும் விதியில் இருந்தது. அதிகாரிக்குத் தெரியும், நாற்காலிக்காரருக்கும் தெரியும். அதிகாரி அதைச் சொல்லவில்லை. "உங்ககிட்ட அட்டை இருக்குமே" என்றார். "அதை எடுத்து மாட்டிக்கோங்க. போதும். நான் பாத்துக்கறேன்."

"அட்டை நாற்காலிக்காரனுக்குக் குடுத்தது சார். நான் இன்னைக்கு இவளோட தம்பி."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். "மாமா, எங்க போறீங்க? நீங்க இங்க இருக்கணும்" என்று அக்கா மகன் எழுந்தான்.

"நீ உட்காருப்பா. அம்மா பக்கத்துல இரு. கதவைச் சாத்திக்கோங்க, பட்டறைச் சத்தம் உள்ள வரும்."

வெளியே வந்து கதவை அவரே இழுத்துச் சாத்தினார். அக்கா எங்கே நின்றிருப்பாள் என்று யோசிக்கத் தேவையில்லை, வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. அங்கே போய் நின்றார். பக்கத்துப் பட்டறையில் இரும்பைக் கடைந்துகொண்டிருந்தார்கள். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று காதைக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் நகர்ந்தார். கேட்கவில்லை. ஜன்னல் பலகையில் காதை ஒட்டவைத்து, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். உள்ளே அத்தனை பேர் அழுதுகொண்டிருக்கிறார்கள். அக்கா மகன் வாய்விட்டு அழுததை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தார். அதுகூடக் கேட்கவில்லை. பலகை அதிர்ந்தது, இரும்பு கத்தியது, வேறொன்றுமில்லை.

அக்காவுக்கு அன்று எதுவும் கேட்டிருக்காது. கைதட்டினது, பேசினது, எதுவும். முதலிலிருந்து சொல்லு என்று அவள் ஏன் அவரைப் போட்டுத் துளைத்தாள் என்பது இப்போது புரிந்தது. அவளுக்குக் கிடைத்த கல்யாணம் அவர் சொன்னது மட்டும்தான். அதையும் அவர் நாற்காலி மடக்கிக்கொண்டே சொன்னார். மண்டபத்து முதலாளியின் சட்டை நிறத்தைச் சொன்னார்.

சுவரைப் பிடித்துக்கொண்டார். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், யாரையும் அவர் பார்க்கவில்லை.

"அக்கா" என்றார் மூடிய ஜன்னலைப் பார்த்து. "கையைச் சேக்கும்போது அவன் அவளைப் பாக்கலக்கா. கதவைத்தான் பாத்தான். நீ வருவியான்னு பாத்தான்."

இன்னும் உரக்கச் சொல்லிப் பார்த்தார். பட்டறைச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.